ஸ்டெல்லா அக்கா சொல்லி வைத்த தேநீர்

செய்தி வந்தபோது அவர் சொல்லி வைத்த தேநீர் என் முன்னால் இருந்தது. ஒரு வாய்தான் குடித்திருந்தேன்.

ஐப்பசி மழை. ஹெந்தளையிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே நடக்கத் தொடங்கி அது மூன்றாம் நாள். நீர்கொழும்பு தாண்டி, வாய்க்கால் என்ற ஊருக்குப் பக்கத்தில், தென்னைகளுக்கு நடுவே தகரக்கூரை போட்ட ஒரு கடை. நான் முதுகுப் பையை இறக்குவதற்கு முன்பே கடைக்காரப் பெண் பிளேன்டீயையும் ஒரு துண்டு இஞ்சியையும் கொண்டுவந்து வைத்தார். "நோனா சொன்னாங்க," என்றார் சிங்களத்தில். நோனா என்றால் அம்மணி. மூன்று நாளும் போன இடமெல்லாம் இப்படித்தான் நடந்தது. ஸ்டெல்லா அக்கா எனக்கு முன்னால் நடந்து போகிறார் என்றே நினைத்திருந்தேன். எங்கள் வட்ஸ்அப் குழுவில், "அக்கா, தேத்தண்ணி கிடைச்சுது. எவ்வளவு தூரம் முன்னால நிக்கிறீங்கள்?" என்று எழுதிப் போட்டேன்.

அதற்கு அக்கா பதில் எழுதவில்லை. குழுவில் மூன்றாம் ஆளான பைஸல் போனில் கோல் எடுத்தான்.

"மச்சான், நீ எங்க ஈக்கிற?"

"வாய்க்கால்ல. ஏன்?"

"ஸ்டெல்லா அக்கா மவுத்தாப் போயிட்டாங்க. விடிய அஞ்சு மணிக்கு. அவங்கட தம்பி இப்பதான் எனக்குச் சொன்னாரு."

"விசர்க்கதை கதையாத. அவ சொல்லி வச்ச தேத்தண்ணி என்ர கையில இருக்கு."

"மூணு கிழமையா ஆஸ்பத்திரி வார்ட்டில இருந்தீக்கிறாங்க மச்சான். நம்ம யாருக்கும் தெரியாது," என்றான்.

அடக்கம் மறுநாள் பின்னேரம் நான்கு மணிக்கு, கொட்டாஞ்சேனையில். நான் நின்ற இடத்திலிருந்து கொழும்பு பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். நேரம் தாராளமாக இருந்தது. ஆனாலும் நான் வரவில்லை. அன்று அங்கே நின்ற உங்களில் பலர் இதைக் கவனித்திருக்கிறீர்கள், சிலர் முகத்துக்கு நேரே கேட்டும் விட்டீர்கள். முப்பதாம் நாள் பூசைக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லி அக்காவின் தம்பி அன்ரன் அண்ணை கேட்டபோது, காரணத்தைச் சொல்ல இதுதான் இடம் என்று ஒப்புக்கொண்டேன். அஞ்சலி எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் வெள்ளவத்தையில் இருப்பவன். கட்டடங்களுக்கு நெட்வேர்க் போடும் இஞ்சினியர். ஒரு மெஷின் இன்னொரு மெஷினுக்குப் பதில் சொல்லவில்லை என்றால் இடையில் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். மனிதர்களோடு எனக்குப் பொறுமை குறைவு. மூன்று வருடத்துக்கு முன்பு, மழைக்காலத்தில் கடற்கரையில் ஒரு குருவிகூட இருக்காது என்ற ஒரே காரணத்துக்காகத் தனியாக நடக்கக் கிளம்பினேன். "மழைக்குள்ள ஆரடா கடற்கரையால நடக்கிறது?" என்று அம்மா கேட்டார். "ஒருத்தரும் இல்லை, அதுதான் போறன்," என்றேன்.

முதல் நாள், பமுனுகம பக்கம் ஒரு கடைக்குள் ஏறினேன். நான் வாய் திறப்பதற்கு முன் தேநீர் வந்தது. "உங்களுக்குத்தான். முன்னால போன நோனா சொன்னாங்க," என்றார் கடைக்காரர். எனக்கு எந்த நோனாவையும் தெரியாது. ஆள் மாறிவிட்டது என்று நினைத்துக் குடித்தேன். அடுத்த ஊரில் ஒரு பேக்கரியில், "நனைஞ்சு வாற ஆள் நீங்கதானே?" என்று மீன் வைத்த சூடான மாலு பணிஸ் இரண்டை எடுத்து நீட்டினார்கள். நீர்கொழும்பில் நான் முன்பதிவே செய்யாத ஒரு தங்கும் வீட்டில், கட்டிலின் மேல் துவாய் மடித்து வைத்திருந்தது. "ஒருத்தர் வருவார் எண்டு சொன்னவங்க."

அன்று எனக்குக் குளிரெடுத்தது மழையால் மட்டும் என்று சொல்லமாட்டேன். போனில் லொகேஷனை நிறுத்தினேன். பையைக் கொட்டி, யாராவது டிராக்கர் ஏதும் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு மடிப்பாகத் தடவிப் பார்த்தேன். சப்பாத்தின் அடியைக்கூடக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தால் வெளியே கடலும் மழையும்தான்.

அடுத்த நாள் பத்து மணிபோல, ஒரு கோயில் மதிலுக்குப் பக்கத்துக் கடையில் பச்சை ரெயின்கோட் போட்ட ஒரு பெண் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைச் சேலைத் துண்டு ஒன்றால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கடைக்காரரிடம், "நான் சொல்லல்ல? வந்துட்டாரு," என்றார்.

"நீங்கள் ஆர்? நான் வாறன் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். நல்ல குரலில் கேட்கவில்லை.

"தெரியாது."

"தெரியாமல் எப்பிடிச் சொல்லி வைப்பீங்கள்?"

"தம்பி, மழையில இந்தக் கரையால ஒருத்தராவது வருவாங்க. யார்னு எனக்கு என்னத்துக்கு? சொல்லி வெச்சேன். வந்தது நீங்க." பிறகு என் பையைப் பார்த்து, "இவ்வளவு வயர் எதுக்கு? கடலுக்கும் கனெக்ஷன் குடுக்கப் போறீங்களா?" என்றார்.

இப்படித்தான் எனக்கு ஸ்டெல்லா அக்காவைத் தெரியும். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க். கப்பல் துறைமுகத்துக்கு வருவதற்கு முன்பே சரக்குக்காரர்களுக்கு 'வருகிறது, ஆயத்தமாக இருங்கள்' என்று கடிதம் அனுப்புவது அவருடைய வேலை. "ஆபீஸ்ல இருபது வருஷமா இதைத்தான் செய்யறேன், லீவுலயும் அதே வேலை," என்பார். பைஸலும் இதே மாதிரி ஒரு தேநீரில் அகப்பட்டவன்தான். மாளிகாவத்தையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். சிலாபத்துக்குப் பக்கத்தில் யாரோ தனக்காக முட்டை பொரித்து வைத்திருந்ததைப் பார்த்து ஓதிக்கொண்டே சாப்பிட்டதாகச் சொல்வான்.

மூன்று பேரும் நண்பர்களானோம். ஆனால் சேர்ந்து நடந்ததில்லை. ஒவ்வொரு மழைக்கும் ஆளுக்கொரு நேரத்தில் கிளம்பித் தனித்தனியாகத்தான் நடப்போம். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குச் சொல்லி வைப்பார். வட்ஸ்அப் குழுவைத் தொடங்கியவன் நான். அதற்குச் சட்டம் எழுதியவனும் நான். ஒரே ஒரு சட்டம்: யாராவது நடக்க வராவிட்டால், ஏன் வரவில்லை என்று மற்றவர்கள் கேட்கக் கூடாது. எனக்கு வீட்டிலும் ஆபீஸிலும் இந்தக் கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்திருந்தது. பைஸல் கட்டைவிரலைப் போட்டான். அக்கா மட்டும், "இஞ்சினியர் தம்பி, கேக்காட்டி சொல்லவும் மாட்டாங்களே," என்று எழுதினார். "அதுதான் அக்கா நல்லது," என்று பதில் போட்டேன். அந்தப் பதில் இன்னும் போனில் இருக்கிறது.

ஏன் இப்படிச் சொல்லி வைக்கிறார் என்று இரண்டாம் வருடம் கேட்டேன். கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டு மேல்மாடி. மழை யன்னல் தட்டில் அடித்துக்கொண்டிருந்தது. பைஸல் நோன்பு முடித்துவிட்டு வந்திருந்தான், அவனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"முதல் தடவை நடக்கும்போது சொல்லி வைக்கணும்னு எனக்குத் தெரியாது. பின்னேரம், நல்ல மழை. மாரவில பக்கம் ஒரு வீட்டுல லைட் எரிஞ்சுது. தண்ணி குடிக்கலாம்னு கதவைத் தட்டினேன். ஒரு பொம்பளை திறந்தா. என்னைப் பாத்தா. தலையெல்லாம் ஈரம், கால் முழுக்க மணல், பின்னால கடல். ஒரு வார்த்தை பேசல்ல. கதவை மூடி உள்ளுக்கு கொண்டி போட்டுட்டு, செபம் சொல்லத் தொடங்கிட்டா. தமிழ்ல. அவளுக்குக் கதைக்கத் தமிழ் வராது, அந்தப் பக்கத்துல செபம் மட்டும் தமிழ். நான் வெளியில நின்னு முழுசாக் கேட்டேன். இறந்தவங்களுக்குச் சொல்ற செபம்."

"அல்லாஹ்வே," என்றான் பைஸல்.

"அவ மேல பிழை இல்ல. சொல்லி வெச்சா ஆள், சொல்லாம வந்தா பேய். அன்னைக்கு இருந்துதான் நான் சொல்லி வைக்கிறேன். பின்னால வாறவங்களுக்கு அந்தக் கதவு மூடக் கூடாது."

"உங்களுக்கு ஆர் அக்கா சொல்லி வைக்கிறது?" என்று கேட்டேன். "நீங்கள்தானே எப்பவும் முன்னால போறீங்கள்?"

"எனக்கென்ன, இப்ப எல்லாக் கடையிலயும் என்னைத் தெரியும்," என்றார். பைஸலின் கோப்பையில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

இந்த வருடம், நான் நடக்கக் கிளம்புவதற்கு மூன்று கிழமை முன்பு, அவர் கோல் எடுத்தார். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இந்த முறை எப்ப நடக்கிறீங்க?"

"அக்கா, எக்ஸெல் ஷீட் இருக்கு. அனுப்பி விடுறன், பாருங்கோ."

"எந்தக் கடை, எத்தனை மணின்னு எல்லாம் இருக்குமா?"

"எல்லாம் இருக்கு. வைக்கட்டே? கையில வேலை."

"வைங்க. ஓடாம வாங்க, கடல் எங்கயும் போகாது."

இது அவர் எப்போதும் சொல்வது. என் நடை வேகத்தைப் பார்த்து முதல் நாளே சொல்லத் தொடங்கியது. அன்று அந்த வார்த்தைக்குப் பின்னால் சில்லு வைத்த ஏதோ ஒன்று உருண்டு போகும் சத்தம் கேட்டது. ஒரு பெண் சிங்களத்தில் ஒரு இலக்கத்தைக் கூப்பிட்டாள். அக்கா பாங்கில் நிற்கிறார் என்று நினைத்தேன். அவர் நடக்கிறாரா என்று கேட்கவில்லை. சட்டம் என்னுடையது.

மறுபடியும் வாய்க்காலுக்கு வருகிறேன். பைஸல் போனை வைத்த பிறகு கடைக்காரப் பெண்ணிடம், நோனா எப்போது சொன்னார் என்று கேட்டேன். நேற்றுப் பின்னேரம், போனில் என்றார். குரல் அடைத்திருந்ததாம், தடிமன் காய்ச்சலா என்று கேட்டாராம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டிலில் படுத்துக்கொண்டு, என் ஷீட்டைப் பார்த்து, ஒவ்வொரு கடைக்கும் அவர் கோல் எடுத்திருக்கிறார். அவர் முன்னால் நடக்கவே இல்லை. பிழை எங்கே என்று கண்டுபிடித்ததும் எனக்கு வரும் நிம்மதி அன்றும் வந்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. நோனா இறந்துவிட்டார் என்று சொன்னேன். அந்தப் பெண் சிலுவை போட்டுக்கொண்டார். ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

நான் அடக்கத்துக்கு வரத்தான் கிளம்பினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். பிரதான வீதிக்குப் போகும் வழியில் இடுப்பளவு தண்ணீர். கடைக்குப் பின்னால் ஓடும் ஓயா ஆற்றைத் தோணியில் கடந்தால் அக்கரையில் பஸ் சந்தி என்று கடைக்காரப் பெண் வழி சொன்னார். அந்தத் துறை என் ஷீட்டில் இல்லை. நாங்கள் மூன்று பேரும் அதுவரை அந்தப் பக்கம் போனதே இல்லை.

தோணிக்காரர் ஓலைக் கொட்டிலுக்குள் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"மாத்தயா, நீங்கதானா அந்த ஆள்?" என்றார் சிங்களத்தில்.

"எந்த ஆள்?"

"பின்னால ஒருத்தர் வருவார், அக்கரைக்கு விடுங்க எண்டு ஒரு நோனா சொன்னா."

கடையிலிருந்து போனில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, எப்போது என்று கேட்டேன்.

"விடியற்காலை. முதல் பஸ் ஹோர்ன் அடிக்கிற நேரம். இந்தா, நீங்க நிக்கிற இடத்தில நிண்டா. பச்சை ரெயின்கோட்."

நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"நீங்கள் அவவை அக்கரைக்கு விட்டீங்களா?"

"இல்லை." அவர் என்னைப் பார்க்காமல் துடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பொய் சொல்ல மாட்டேன் மாத்தயா. நான் பயந்துட்டேன். அந்த நேரத்தில தனியாள், அந்த மழை. யாராவது முதலே சொல்லியிருந்தா ஏத்தியிருப்பேன். ஒருத்தரும் சொல்லல்லையே. ஏலாது எண்டு சொல்லிட்டு உள்ள வந்து உக்காந்தேன். திரும்பப் பாத்தா அக்கரையில போய்க்கொண்டிருந்தா."

"வேறேதாவது சொன்னாவா?"

"ஓடாம வரச் சொன்னா."

நான் படித்தது பொறியியல். விடியற்காலைப் பூசைக்குப் போகிற எத்தனையோ பெண்கள் அந்தக் கரையில் இருக்கிறார்கள். பச்சை ரெயின்கோட் எல்லாக் கடையிலும் விற்கிறது. மேலே கொஞ்சத் தூரத்தில் அவர் பார்க்காத இன்னொரு தோணி இருந்திருக்கலாம். இதையெல்லாம் அன்றைக்கே தோணிக்குள் இருந்தபடி ஒவ்வொன்றாக யோசித்தேன். உங்களிடம் எதையும் நம்பச் சொல்லவில்லை. அந்த மனிதர் சொன்னதில் எனக்குள் ஏறியது ஒன்றுதான்: யாரும் சொல்லி வைக்கவில்லை. மூன்று வருடமாக ஊரெல்லாம் எனக்காகத் தேநீர் வைக்கச் சொன்ன மனிசி, அந்த மழையில் ஒரு துறையில் வந்து நின்று, ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். மாரவிலக் கதவு மாதிரியே இன்னொன்று. இனி எத்தனை கதவோ.

அக்கரையில் சந்தி. ஒரு பக்கம் கொழும்பு பஸ், மறுபக்கம் சிலாபம் பஸ். இரண்டும் நின்றன. கொழும்பில் அக்காவைச் சுற்றி நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். வடக்குப் பக்கம் ஒருவரும் இல்லை. நான் சிலாபம் பஸ்ஸில் ஏறினேன். நடந்தால் அவருக்குப் பின்னால்தான் இருப்பேன். ஒரு தடவையாவது அவருக்கு முன்னால் போக வேண்டியிருந்தது. ஓடாமல் வரச் சொன்னதை அன்றைக்கு மட்டும் நான் கேட்கவில்லை.

மாரவிலயில் இறங்கிக் கடைக்குள் போனேன். அக்கா முந்தின நாள் போனில் சொல்லி வைத்தபடி எனக்குத் தேநீர் வந்தது. "இது எனக்கு. இன்னொண்டு வேணும்," என்றேன். "பின்னால ஒரு அக்கா வருவா. பச்சை ரெயின்கோட். நல்லா நனைஞ்சிருப்பா. பயப்பட வேண்டாம், எங்கட ஆள்." கடைக்காரர் வழக்கமான நோனாதானே என்று சிரித்தார். நானும் தலையாட்டினேன். சிலாபத்திலும் அதையே சொன்னேன்.

மறுநாள் நான்கு மணிக்கு, கொட்டாஞ்சேனையில் நீங்கள் மண் போட்டுக்கொண்டிருந்த நேரம், நான் உடப்பில் ஒரு கடையில் இருந்தேன். என் ஷீட்டில் கடைசி இடம் அதுதான். கரைவலைக்காரர் எல்லோரும் மழைக்கு ஒதுங்கிவிட்டார்கள். கடைக்கார அம்மாவுக்கு அக்காவைத் தெரியாது, புதிதாகக் கடை எடுத்தவர். அதனால் முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது.

"யாரு அவங்க, உங்க சொந்தமா?"

"ஓம்."

"இந்த மழையில தனியாவா வாறாங்க?"

"தனியத்தான். கதவை மட்டும் மூடிப் போடாதேங்கோ."

அந்த அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேத்தலை அடுப்பில் வைத்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். கடல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இருக்கவில்லை என்பதே சரி.

ஒரு கிழமை கழித்து அந்தக் கடைக்குக் கோல் எடுத்தேன். அக்கா வந்தாரா என்று கேட்டேன்.

"ஓம் தம்பி, ஒரு அம்மா வந்தாங்க. சரியா நனைஞ்சு போய். நீங்க சொன்னதால நான் பயப்படல்ல. தேத்தண்ணி குடுத்தேன், குடிச்சாங்க."

"ரெயின்கோட் என்ன நிறம்?"

"அதெல்லாம் ஆரு தம்பி பாத்தது. குளிர்ல கை நடுங்கிச்சு, அதைத்தான் பாத்தேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எதையும் அடிவரை தோண்டாமல் விடுகிறவன் நான் இல்லை என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

அன்ரன் அண்ணை, அடக்கத்துக்கு வராததற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மூன்று கிழமை ஒருவரும் வார்ட்டுக்கு வராமல் போனதற்கு அதைவிடப் பெரிய மன்னிப்பு. அந்தச் சட்டத்தைக் குழுவிலிருந்து அழித்துவிட்டேன். இப்போது பைஸல் இரண்டு நாள் பேசாமல் இருந்தால் கோல் எடுத்து ஏன் என்று கேட்கிறேன். "என்னா மச்சான், சிஐடி வேலை பாக்கிறியா?" என்கிறான். ஆனால் சொல்கிறான்.

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவருடைய பழக்கம் ஒன்று இருக்கிறது. மழை நாளில் எந்தக் கடையில் குடித்தாலும், எழும்பும்போது, பின்னால் ஒரு ஆள் வருவார், சூடாக ஒன்று வையுங்கள் என்று சொல்லிவிட்டே படியிறங்குகிறேன். யார் என்று கேட்பார்கள்.

தெரியாது என்பேன்.